ஒன்றும் கேட்காத முகம்

பஸ்தியாம்பிள்ளை கண்ணாடிக்கு முன்னால் நின்று, ஒன்றும் கேட்காத முகம் ஒன்றைப் பழகிக்கொண்டிருந்தார்.

அது இலேசான காரியமல்ல. கஷ்டம் தெரியவேண்டும், ஆனால் தெரியப்படுத்துகிற மாதிரி இருக்கக்கூடாது. கண்ணில் கவலை இருக்கலாம். அந்தக் கவலைக்கும் தனக்கும் ஒரு சம்பந்தமுமில்லை என்று வாய் சும்மா இருக்கவேண்டும். புருவத்தை ஏற்றிப் பார்த்தார், பிச்சைக்காரனாகத் தெரிந்தது. இறக்கிப் பார்த்தார், பொலிஸ்காரனாகத் தெரிந்தது.

"அப்பா, வயித்துக்குத்தோ?" என்று குசினி வாசலில் நின்று கேட்டாள் மகள் மக்டலின்.

"இல்லைப் பிள்ளை. பூசைக்கு வெளிக்கிடுறன்."

"அதுக்கேன் முகம் இப்பிடி?"

"இனி இதுதான் என்ரை முகம்."

அறுபத்தாறாம் ஆண்டு சித்திரையில், அதாவது அதற்கு முந்திய கிழமைதான், மக்டலினுக்குக் கொழும்பில் வைத்தியப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. படிப்பு இலவசம். ஆனால் படிக்கிற பிள்ளை எங்காவது தங்கவேண்டும், எதையாவது தின்னவேண்டும். அரசாங்கம் அதையெல்லாம் யோசிக்கவில்லை. போதாக்குறைக்கு முதல் வருடத்துப் பிள்ளைகள் ஆளுக்கு அரை மனித எலும்புக்கூடு வாங்கி வைத்திருக்கவேண்டுமாம். பஸ்தியாம்பிள்ளை துறைமுகத்துப் பண்டகசாலையில் கயிறும் பெயின்ற் தகரமும் கொடுக்கிற கிளாக்கர். அரை எலும்புக்கூட்டின் விலையைக் கேட்டபோது, தன்னுடையதை முழுதாக விற்றாலும் அது வராது என்று அவருக்குப் பட்டது.

புரட்டாதி முப்பதாம் தேதிக்குள் விடுதிக்குப் பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும். பிறகு மக்டலின் துறைமுகக் கந்தோரில் ரைப் அடிக்கவேண்டியதுதான். தாய் செத்து எட்டு வருடமாகத் தகப்பனும் மகளும் மட்டுமே உள்ள வீடு அது. உதவி கேட்க ஓர் ஆளில்லை.

கேட்கக்கூடாத ஓர் ஆள்தான் இருந்தது. அதன் பெயர் சூசைப்பிள்ளை குடும்ப வித்தியா நிதியம்.

யுத்தகாலத்தில் வெள்ளைக்காரனின் கடற்படைக்கு விறகும் வாழைக்காயும் மாட்டிறைச்சியும் கொடுத்தவர் பெரியவர் சூசைப்பிள்ளை. கப்பல்கள் போய்விட்டன, பணம் போகவில்லை. அந்த மனவருத்தத்தில் அவர் நிறுவியதுதான் நிதியம். வருடத்துக்கு ஒரு பிள்ளையின் படிப்புச் செலவு முழுவதையும் அது ஏற்கும். ஆனால் கேட்கக்கூடாது. நிதியமே பார்க்கும், நிதியமே தெரிவுசெய்யும், ஆடி மாதத்தில் நிதியமே அழைப்புக் கடிதம் அனுப்பும். விண்ணப்பம் எழுதியவர், சிபாரிசு பிடித்தவர், ஜாடையாகப் பெருமூச்சு விட்டவர் எல்லோருடைய பெயரும் ஒரு கறுத்தக் கொப்பியில் ஏறும். ஏறிய பெயர் இறங்கியதாகச் சரித்திரமில்லை. மாதாவிடம் கேட்கலாம், அந்தோனியாரிடம் கேட்கலாம், கொஞ்சம் நடந்தால் கோணேசரிடமும் கேட்கலாம். சூசைப்பிள்ளை நிதியத்திடம் மட்டும் வாய் திறக்க ஏலாது.

இதனால் திருகோணமலையில் புது மாதிரியான ஒரு வறுமை வளர்ந்திருந்தது. ஒரு தகப்பன் தன் மகனை உவர்மலை வளைவில் தெருவிளக்கின் கீழ் இருத்திப் படிப்பித்தார், பட்டப்பகலில். ஒரு தாய், ஒட்டுப்போட்ட வெள்ளைச் சட்டையை நிதியத்தின் கார் போகிற பக்கம் பார்த்துக் கொடியில் போட்டபடியே வைத்திருந்தாள். பிள்ளைக்கு வேறு நல்ல சட்டை நாலு இருந்தது. இப்படி ஊரில் பாதிப்பேர் மும்முரமாக ஒன்றும் கேட்காமலிருந்தார்கள். பஸ்தியாம்பிள்ளை அந்தக் கூட்டத்தில் கடைசியாகச் சேர்ந்தவர்.

"கண்ணிலை படவேணும் அண்ணை. அவ்வளவுதான்," என்றான் யோகராசா. அவனும் பண்டகசாலைதான்; சாம்பல்தீவிலிருந்து சைக்கிளில் வருகிறவன். தன்னுடைய காரியம் தவிர மற்றெல்லாக் காரியத்திலும் தெளிவானவன்.

"பட்டால்?"

"ஆர் இந்த மனுசன் எண்டு மிஸ் விசாரிப்பா. விசாரிச்சால் உங்கடை மகளின்ரை கதை வரும். கதை வந்தால் மார்க்ஸ் வரும். மார்க்ஸ் வந்தால் கடிதம் வரும். நீங்கள் வாயைப் பூட்டிக்கொண்டு நிண்டால் காணும்."

மிஸ் என்றால் மிஸ் சூசைப்பிள்ளை. பெரியவரின் ஒரே மகள்; நிதியத்துக்குத் தலைவி, செயலாளர், பொருளாளர் எல்லாம் அவர்தான். உயரமான மனுசி. பூசை முடிந்து அவர் நடந்தால் குருவானவரே வழிவிடுவார்.

அன்று கோயில் வாசலில் வெயில் கொளுத்தியது. மக்டலின் பாட்டுக்குழுவோடு மேலே நின்றுவிட்டாள். பஸ்தியாம்பிள்ளை தன் ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு, மிஸ் படியிறங்கியதும் குடையை விரித்துக் கார் வரைக்கும் பிடித்துக்கொண்டு போனார். ஒரு சொல் பேசவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறும். நாலாம் ஞாயிறு மிஸ் பாதிவழியில் நின்றார்.

"ஒவ்வொரு கிழமையும் வாறியள்."

"ஓம் மிஸ்."

"ஏதும் சொல்லவேணுமோ?"

"இல்லை மிஸ்! ஒண்டுமில்லை! ஒண்டுமேயில்லை!" என்று பஸ்தியாம்பிள்ளை நெருப்பில் மிதித்தவர் போலக் கத்திவிட்டு, குடையை மிஸ்ஸின் கையிலேயே விட்டுவிட்டு ஓடினார்.

"ஓடினதுதான் பிழை," என்று யோகராசா தீர்ப்புச் சொன்னான். "மரியாதையில்லாத ஆள் எண்டு நினைச்சிருப்பா. ஏதாவது அனுப்பிச் சமாளிக்கவேணும். சல்லிக் கிராமத்திலை என்ரை மச்சானிட்டை நல்ல நண்டு இருக்கு."

"லஞ்சம் எண்டு நினைப்பா!"

"அதுக்கு ஒரு துண்டு எழுதி வையுங்கோ."

பஸ்தியாம்பிள்ளை இரண்டு மணித்தியாலம் யோசித்து எழுதினார்: 'மிஸ் அவர்களுக்கு, ஒன்றையும் எதிர்பார்த்து அல்ல. பஸ்தியாம்பிள்ளை.'

அடுத்த சனிக்கிழமை இறால் போனது. துண்டில், 'இம்முறையும் அப்படியே.'

அது கொஞ்சம் முறைப்பாக விழுந்துவிட்டதோ என்று பயம் வந்தது. ஆகவே மூன்றாம் சனிக்கிழமை பாரைமீனோடு, 'தங்களை ஞாயிறுகளில் காண்பதே போதும்' என்று எழுதினார். இதைவிடச் சுத்தமாக ஒன்றும் கேட்காமல் ஒரு மனிதன் இருக்கமுடியாது என்று அவருக்கே ஒரு திருப்தி.

கூடை திரும்பி வந்தது. உள்ளே ஒரு போத்தல் கொய்யா ஜாம். ஒரு துண்டு: 'நண்டு நன்றாக இருந்தது. ஏன் இவ்வளவு சிரமம்?'

அந்தக் கடைசி மூன்று சொற்களையும் தகப்பனும் மகளும் யோகராசாவும் மாறி மாறிப் படித்தார்கள்.

"சிரமம் எண்டால் கஷ்டம். எங்கடை கஷ்டம் மிஸ்ஸுக்கு விளங்கிட்டுது," என்றார் பஸ்தியாம்பிள்ளை.

"அப்பா, நான் நேரை போய்க் கேக்கட்டோ? ரெண்டு நிமிஷக் கதை. ஓம் எண்டால் ஓம், இல்லையெண்டால் இல்லை."

"கறுத்தக் கொப்பி, பிள்ளை, கறுத்தக் கொப்பி!"

"இந்த நண்டுக் காசுக்கு இதுக்குள்ளை ஒரு கால் எலும்பாவது வாங்கியிருக்கலாம்," என்றுவிட்டு மக்டலின் ஜாமைத் திறந்தாள்.

ஆடி வந்தது. ஊரில் ஒருவருக்கும் கடிதம் வரவில்லை. ஆடி முடிகிற கிழமையில் நிதியத்தின் ஒரே கிளாக்கரான ஜமால்தீன் பண்டகசாலைக்கு நேரில் வந்தார். பத்து வருடமாகக் கேட்காதவர்களைப் பார்த்துப் பார்த்து எதற்கும் ஆச்சரியப்படாத முகம்.

"பஸ்தியாம்பிள்ளை ஐயா, மிஸ் ரெண்டு துண்டு வாங்கிவரச் சொன்னா. உங்கடை ஞானஸ்நானச் சீட்டு ஒண்டு. மனுசியின்ரை மரணச் சீட்டு ஒண்டு."

"மகளின்ரை ரிசல்ற்?"

"அது எங்களிட்டை எப்பவோ இருக்கு. அது வேண்டாம்."

ஜமால்தீன் போனதும் யோகராசா கயிற்றுச் சுருளின் மேல் ஏறி நின்று ஆடினான். "மரணச் சீட்டு எண்டால் என்ன அண்ணை? தாயில்லாப் பிள்ளை எண்டு உறுதிப்படுத்துகினம்! முடிஞ்சுது காரியம்!" அன்று பண்டகசாலையில் எல்லோருக்கும் பஸ்தியாம்பிள்ளையின் செலவில் தேத்தண்ணி.

ஆவணியில், புதன்கிழமை நாலு மணிக்கு மிஸ் வீட்டுக்கு வருவதாகச் செய்தி வந்தது. வீடு வறுமையாகத் தெரியவேண்டும் என்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடில்லை. நல்ல கதிரைகள், றேடியோ, மணிக்கூடு எல்லாம் பக்கத்து வீட்டு நபீஸாவிடம் போயின. அவசரத்தில் ஒரேயொரு கதிரைதான் மிஞ்சியது. மிஸ் அதில் இருந்தார். கூடவந்த அவருடைய தமையன் மகன் டொமினிக், கொழும்பில் ஏதோ கொம்பனியில் வேலைசெய்து லீவில் வந்து நின்ற முப்பத்தெட்டு வயது மனிதர், சுவரில் சாய்ந்துகொண்டார். பஸ்தியாம்பிள்ளை பெயின்ற் தகரத்தில் இருந்தார்.

மிஸ் சுற்றிவரப் பார்த்தார். "தளவாடம் குறைவு. நல்லது. இடம் மாறுறதெண்டால் லேசு."

விடுதிக்குத்தான் என்று பஸ்தியாம்பிள்ளை குளிர்ந்துபோனார்.

"சுருட்டு?"

"தொடுறதில்லை மிஸ்."

"சாராயம்?"

"நத்தார்ப் பெருநாளுக்கு ஒருக்கா."

"பல்லெல்லாம் சொந்தமோ?"

பஸ்தியாம்பிள்ளை கொஞ்சம் தடுமாறினார். வைத்தியப் படிப்புக்கும் தகப்பனின் பல்லுக்கும் என்ன தொடர்போ, கேட்கவும் முடியாது. "கடவாய்ப் பல்லு ரெண்டு இல்லை மிஸ். மற்றதெல்லாம் சொந்தம்." வாயைத் திறந்தும் காட்டினார்.

இதற்கிடையில் டொமினிக் மக்டலினைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "கொழும்பிலை ஒண்டுக்கும் யோசிக்கவேண்டாம், நான் இருக்கிறன். இனி மிஸ்டர் கிஸ்டர் எல்லாம் வேண்டாம். டொமினிக் எண்டே கூப்பிடலாம். ஒரு வீட்டு ஆக்கள் மாதிரித்தானே."

மக்டலின் தேத்தண்ணியை அவர் கையில் கொடுக்காமல் ஜன்னலில் வைத்தாள்.

போகும்போது மிஸ் வாசலில் நின்று, முதன்முதலாகத் தாழ்ந்த குரலில் சொன்னார். "இப்பிடியான விஷயம் எனக்குப் பழக்கமில்லை. யோசிச்சுத்தான் சொல்லுவன்."

கார் போனது. மூவரும் தெருவைப் பார்த்தபடி நின்றார்கள்.

"வருஷா வருஷம் குடுக்கிறவ பழக்கமில்லை எண்டுறா," என்றார் பஸ்தியாம்பிள்ளை.

யோகராசா மெல்லத் தலையில் கைவைத்தான். "அண்ணை, இது படிப்புக் காரியமில்லை. இது பொம்பிளை பாக்க வந்தது."

"என்னது?"

"யோசிச்சுப் பாருங்கோ. பொம்பிளை வீட்டார் வாய்விட்டுக் கேப்பினமோ? கோயிலடியிலை நிப்பினம். பலகாரம் அனுப்புவினம். ஒண்டுமில்லை, சும்மா எண்டுவினம். நாங்கள் நாலு மாசமா வேறை என்ன செய்தனாங்கள்? அந்த டொமினிக்குக்கு மக்டலினைக் குடுக்க நீங்கள் அலையிறியள் எண்டு மிஸ் நினைச்சிட்டா!"

"பல்லு?"

"பரம்பரை விசாரிக்கிறது!"

மக்டலின் கொய்யா ஜாம் போத்தலைத் தூக்கி வளவுக்குள் எறிந்தாள். "அந்த மனுசனைக் கட்டுறதைவிட எலும்புக்கூட்டைக் கட்டலாம். அரைவாசி எண்டாலும் பரவாயில்லை."

பஸ்தியாம்பிள்ளை பெயின்ற் தகரத்தில் மறுபடி இருந்தார். வேண்டாம் என்று சொல்லவேண்டும். ஆனால் மிஸ் இன்னும் கேட்கவில்லையே. கேட்காத ஒன்றை எப்படி மறுப்பது? கேட்காமலிருப்பது எவ்வளவு பொல்லாத ஆயுதம் என்பது, அது தன் பக்கம் திரும்பியபோதுதான் அவருக்கு உறைத்தது.

"நேரை மறுக்கவேண்டாம்," என்றான் யோகராசா. "போய்க் குடும்பத்துக் குறையளை அவிட்டு விடுங்கோ. மிஸ்ஸே வேண்டாமெண்டிடுவா. கோவமும் வராது. படிப்புக் காரியமும் பிழைக்காது."

புரட்டாதி நாலாம் கிழமை பஸ்தியாம்பிள்ளை மிஸ்ஸின் வீட்டுக்கு உவர்மலை ஏறினார். மிஸ் விறாந்தையில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். முற்றத்தில் இரண்டு மான்கள் குரோட்டன் செடியைத் தின்றுகொண்டு நின்றன.

"மிஸ், உள்ளதைச் சொல்லிப்போட்டுப் போக வந்தனான். எங்களிட்டைச் சீதனம் எண்டு ஒரு சதமும் இல்லை."

மிஸ்ஸின் கோப்பை தட்டில் கிணுங்கியது. "சீதனம் ஆர் கேட்டது?"

"எங்கடை குடும்பத்திலை மூச்சிழுப்பு வருத்தம் இருக்கு."

"உவர்மலைக் காத்து இழுப்புக்கு நல்லது."

"எங்கடை வீட்டிலை ஒருத்தருக்கும் சமையல் வராது மிஸ். முட்டைகூடக் கருகும்."

"எனக்கும் வராது. குசினிக்கு ஆள் இருக்கு."

"கோவம் கூடின ஆக்கள். சட்டி பானை பறக்கும்."

"என்னோடை கோவிச்சு ஆரும் வெண்டதில்லை," என்று மிஸ் சிரித்தார். மிஸ் சூசைப்பிள்ளை சிரித்ததைப் பஸ்தியாம்பிள்ளை அன்றுதான் பார்த்தார். மான்களும் நிமிர்ந்து பார்த்தன.

கையில் கடைசியாக ஒன்றுதான் மிச்சம். அதையும் அவிழ்த்துவிட்டார்: "என்ரை பிள்ளையை விட்டுப்போட்டு என்னாலை இருக்க ஏலாது மிஸ்!"

"ஆர் விடச் சொன்னது? ரெண்டு பேரும் இஞ்சை வந்து இருங்கோ. மேல்மாடி சும்மாதானே கிடக்கு. பிள்ளையின்ரை படிப்பைப் பற்றியும் யோசிக்கவேண்டாம். அதுக்குப்பிறகு அது எங்கடை வீட்டுச் செலவு."

பஸ்தியாம்பிள்ளை அரைக் கோப்பைத் தேத்தண்ணியோடு மலையிறங்கினார். கோப்பை கையிலிருப்பது மணிக்கூட்டுக் கோபுரத்தடியில்தான் தெரிந்தது.

"மாமனாரையும் சேத்தோ?" என்று வீட்டில் கதையைக் கேட்ட யோகராசா வாய்பிளந்தான். "வீட்டோடை மாப்பிளை கேள்விப்பட்டிருக்கிறன். வீட்டோடை மாமன் இப்பதான்."

மக்டலின் சிரிக்கவில்லை. "அப்ப அந்த மனுசனைக் கட்டினால் படிக்கலாம். அதுதானே அப்பா கதை?"

அவள் அலுமாரியைத் திறந்து, ரைப் அடிக்கிற வேலைக்கான படிவத்தை எடுத்து மேசையில் விரித்தாள். முழுப்பெயர் என்ற இடத்தில் எழுதத் தொடங்கினாள். எழுத்து மிக அழகாக, ஒரு டொக்டருக்கு ஆகாத அளவுக்கு அழகாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பஸ்தியாம்பிள்ளையால் முடியவில்லை.

மறுநாள் காலை, புரட்டாதி இருபத்தைந்து, உட்துறைமுக வீதியில் இருந்த நிதியத்தின் ஒற்றை அறைக் கந்தோருக்குள் பஸ்தியாம்பிள்ளை புகுந்தார். கோட் இல்லை, குடை இல்லை, முகத்தில் ஐந்து மாதமாகப் பழகிய அந்த முகமும் இல்லை. ஜமால்தீன் ரைப்ரைட்டரிலிருந்து நிமிர்ந்தார்.

"அந்தக் கறுத்தக் கொப்பியை எடுங்கோ!"

"இருங்கோ ஐயா."

"இருக்க வரேல்லை. கேக்க வந்தனான். வாய் துறந்து கேக்கிறன், நல்லாக் கேட்டு எழுதுங்கோ. என்ரை பிள்ளை கெட்டிக்காரி. அவளுக்குப் படிக்கக் காசு வேணும். என்னட்டை இல்லை, உங்களிட்டை இருக்கு. தந்தால் தாங்கோ, தராட்டி விடுங்கோ. ஆனா அந்த டொமினிக்குக்கு என்ரை பிள்ளையைக் குடுத்துப் படிப்பிக்கமாட்டன்! அவள் ரைப் அடிச்சாலும் பரவாயில்லை, நான் இன்னும் நூறு வருஷம் கயிறு குடுத்தாலும் பரவாயில்லை! மிஸ்ஸிட்டை அப்பிடியே சொல்லுங்கோ!"

சொல்லி முடித்ததும் தொப்பென்று கதிரையில் இருந்தார். கேட்பது இவ்வளவு சுகமான காரியம் என்று அவருக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை.

ஜமால்தீன் கறுத்தக் கொப்பியைத் தொடவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். பத்து வருடத்தில் முதல்தடவையாக அந்த முகத்தில் ஆச்சரியம் போன்ற ஒன்று வந்தது.

"டொமினிக் தம்பிக்கோ? அவருக்குக் கொழும்பிலை மனுசியும் மூண்டு பிள்ளையளும் இருக்கினமே."

"அப்ப... பல்லு? மேல்மாடி? மரணச் சீட்டு?"

ஜமால்தீன் லாச்சியை இழுத்து, முத்திரை ஒட்டிய நீளமான கடித உறை ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டார்.

"உங்கடை மகளுக்கு அழைப்புக் கடிதம் ரிசல்ற் வந்த கிழமையே கையெழுத்தாகிட்டுது ஐயா, ஆனா வீட்டு ஆக்களுக்கு நிதியக் காசு குடுக்கக்கூடாது எண்டது பெரியவரின்ரை சட்டம், அதாலை நீங்கள் மிஸ்ஸைக் கட்டப்போறியளோ இல்லையோ எண்டு தெரியுமட்டும் இதைத் தபாலிலை போடவேண்டாமெண்டு அவதான் மறிச்சு வைச்சிருக்கிறா."